பெஞ்சு மாறுன காயம்

பன்னெண்டாங் கிளாஸ் பி பிரிவுக்குப் பிரிவு உபசார விழான்னு வாசல்ல வாழைமரம் கட்டி, மைக் செட் வச்சு, ஆளுக்கு ஒரு லட்டும் ஒரு மிச்சர் பொட்டலமும் குடுத்து, "ஒவ்வொருத்தரா வந்து பள்ளிக்கூடத்துல மறக்க முடியாத நினைவு ஒண்ணு சொல்லுங்க, சந்தோசமா இருக்கணும்"னு ஹெட்மாஸ்டர் கேட்டப்போ எங்கள்ல ஒருத்தரும் எந்திக்கல. எங்களுக்கு மறக்க முடியாதது ஒண்ணே ஒண்ணுதான். அது அன்னைக்குச் சித்திரைவேல் தோள்ல இருந்துச்சு, சாயங்காலம் லாங் பெல் அடிச்சா என் தோளுக்கு வந்துரும், அதுக்கு மறுநாளு எங்களுக்குப் பள்ளிக்கூடமே கெடையாது. அப்போ அத அடுத்து வாங்கிக்கிட ஆளு ஏது? வாங்கிக்கிட ஆளு இல்லன்னா நான் செத்தேன், அவ்வளவுதான் விசயம்.

என் பேரு மாடத்தி. முதல்ல இருந்து சொல்லுதேன், நடுவுல பேசாதிய.

எங்க ஊருல ஆறாங் கிளாஸுல சேரும்போதே கையில கயிறு கட்டிவிட்டுருவாவ. தெற்குத் தெருப் பிள்ளைகளுக்கு ஊதாக் கயிறு, எங்க வடக்குத் தெருவுக்கு ஆரஞ்சு. வாத்தியாரு யாரும் பிரிச்சு உக்காரச் சொன்னது கெடையாது, நாங்களா கயிறப் பாத்துத்தான் உக்காருவோம், முன் பெஞ்செல்லாம் ஊதா, பின் பெஞ்செல்லாம் ஆரஞ்சு, தண்ணிக்குடம் தனி, ஒண்ணுக்குப் போற செவரு தனி, வெள்ளிக்கிழமை ஆனா கிரவுண்டுல ஒரு மண்டை ஒடையும், திங்கக்கிழமை அதுக்குப் பதிலா இன்னொரு மண்டை ஒடையும். அதத்தான் நாங்க பள்ளிக்கூடம்னு நெனச்சோம்.

பதினொண்ணு படிக்கையில ஒரு நாளு பஸ்ஸுல சித்திரைவேல் கால் நீட்டி உக்காந்திருந்தான். தெற்குத் தெருப் பய. எங்க சித்தப்பா மகன் கொம்பையா ஏறுதான், "கால எடுல"ங்கான், அவன் தூக்கத்துல இருந்தவன் எடுக்கல. அம்புட்டுத்தான். மறுநாள் காலையில பிரேயருக்கு மணி அடிக்கும் முன்ன, வகுப்புக்குள்ளயே வச்சு, வாழைத்தார் வெட்டுற அருவாளால தோள்ல இருந்து முழங்கை வரைக்கும் ஒரே இழுப்பு. சத்தம் எப்படி இருந்துச்சுன்னா, இறைச்சிக் கடையில கேப்பிய பாருங்க, அதேதான். ரத்தம் கரும்பலகை வரைக்கும் தெறிச்சுது. கொம்பையாவ அன்னைக்கே போலீஸ் கொண்டுபோயி சீர்திருத்தப் பள்ளியில போட்டுட்டு, அவன் கதை அதோட முடிஞ்சுது.

ஆம்புலன்ஸ் வந்துச்சு, ஆனா ஊருக்குள்ள வரல. தெற்குத் தெரு ஆளுக ஞாயம் கேட்டு ஒரு பக்கம் மறியல், எங்க தெரு ஆளுக கொம்பையாவ விடச்சொல்லி இன்னொரு பக்கம் மறியல், ரெண்டுக்கும் நடுவுல அது நீலவெளக்க சுத்தவிட்டுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் நின்னுச்சு. சித்திரைவேல் பெஞ்சுலயே கெடந்தான். விலங்கியல் டீச்சர் தாவணித் துணி ஒண்ண வாங்கி இறுக்கிக் கட்டுனாவ, அது நனைஞ்சு நனைஞ்சு கருத்துப்போச்சு. சாயங்காலம் பியூன் சங்கரபாண்டி அண்ணாச்சி வழக்கம்போலத் தண்டவாளத் துண்டுல லாங் பெல் அடிச்சாவ. சித்திரைவேல் எந்திச்சு உக்காந்து, "தண்ணி தாங்க"ன்னான். கட்ட அவுத்தா கை சுத்தமா இருக்கு, கீறல் கூட இல்ல. அவனுக்குப் பக்கத்துல உக்காந்திருந்த பய 'எம்மா'ன்னு ஒரு சத்தம் போட்டான் பாருங்க, அவன் சட்டை தோள்ல இருந்து முழங்கை வரைக்கும் செவந்துகிட்டே போகுது.

அப்படித்தான் அது பெஞ்சு மாற ஆரம்பிச்சுது. தெனமும் லாங் பெல் அடிச்சதும் பக்கத்துல இருக்கிறவங்களுக்குப் போகும், பெஞ்சு முடிஞ்சா பின் பெஞ்சுக்குப் போகும், கடைசி பெஞ்சும் முடிஞ்சா மறுபடி முன்னால வரும், என்ன ஆனாலும் திரும்பி மட்டும் போகாது. ஒரு தடவ அண்ணாச்சிக்குக் காய்ச்சல், மணி அடிக்க லேட்டாயிட்டு, அன்னைக்குக் காயம் வச்சிருந்த பிள்ளைக்கு நகமெல்லாம் நீலம் பாய்ஞ்சு கண்ணு சொருகிட்டு, டிரில் மாஸ்டர் ஓடிப்போயி அடிச்சப்புறந்தான் மூச்சு வந்துச்சு. ஒரு உடம்பு ஒரு நாளைக்கு மேல அதத் தாங்காதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. பெறவு ஞாயித்துக்கிழமையும் வந்தோம், தீவாளிக்கும் வந்தோம், புதுச்சட்டை போட்டுக்கிட்டு வரிசையா உக்காந்து மணிச் சத்தம் கேட்டுட்டுப் போயி வெடி போட்டோம்.

ஊரு அதுக்குப் பழகிட்டு, பாத்துக்கிடுங்க. காலையில பால் வாங்கும்போதே "இன்னைக்கு யாரு பிள்ளைக்கு?"ன்னு கேப்பாவ, பதில் சொன்னா "சரி, நாளைக்கு விட்டுரும்"னுட்டுப் போவாவ. பஸ்ஸுல காயக்காரப் பிள்ளைக்கு சன்னலோர சீட்டு, டிக்கட் கெடையாது. டீக்கடையில அவிச்ச முட்டை ரெண்டு இனாம். பஞ்சு விக்கதுக்குன்னே பள்ளிக்கூட வாசல்ல ஒரு மெடிக்கல் ஷாப் வந்து, அவரு அதுல மாடி வீடு கட்டிட்டாரு. ஒரு பிள்ளைக்குச் சடங்கு வச்சாவ, அன்னைக்கு அவ முறைன்னு தெரிஞ்சதும் பந்தலப் பிரிக்காம தேதிய மட்டும் தள்ளி வச்சாவ. மேலதிகாரி ஒருத்தரு கார்ல வந்து பாத்தாரு, எட்டி நின்னு மூக்கப் பொத்திக்கிட்டுப் பாத்தாரு, "படிப்பு பாதிக்காம பாத்துக்கோங்க"ன்னாரு, போயிட்டாரு. கணக்கு சார் மட்டும் காயக்காரப் பிள்ளைகிட்ட கேள்வி கேக்க மாட்டாவ, அதனால கணக்கு வராத பயலுக முறைக்கு ஏங்குனதும் உண்டு. அம்புட்டு வலியிலயும் சிரிச்சோம்தான். வலின்னா சும்மா வலி இல்ல. தோலுக்குள்ள அருவாள் இன்னும் நடந்துகிட்டே இருக்கும், அது எலும்பத் தொட்டு நிக்கிற எடத்துல பல்லெல்லாம் கூசும், பெத்த தாய் தொட்டாலும் கடிச்சுருவோம்.

எல்லாம் சரியாத்தான் போச்சு, அது பின் பெஞ்சுக்கு வார வரைக்கும். எங்க தெரு பால்காரரு மகன் தோள்ல அது வந்து உக்காந்த அன்னைக்கு வடக்குத் தெருவே எந்திச்சு நின்னுச்சு. "அவனுக்குப் பட்ட வெட்டு எதுக்குவே நம்ம பிள்ளை மேல வரணும்?"னு முதல்ல கேட்டது எங்கப்பா பரமார்த்தலிங்கம். வாழைத்தார் வியாபாரம், தெருவுக்குத் தலைவரு, பேச ஆரம்பிச்சா நாலு பேரு தலையாட்டுவாவ. வெட்டுனது நம்ம பய கொம்பையாதானேன்னு கேக்க ஒருத்தருக்கும் தோணல. எங்கப்பாதான் அந்த யோசனையச் சொன்னாவ: ஊதா பெஞ்சுக்கும் ஆரஞ்சு பெஞ்சுக்கும் நடுவுல ஒரு காலி பெஞ்சு போட்டுட்டா, காயம் அதுல போயி உக்காந்துக்கிடும், நமக்கு வராது.

தெற்குத் தெரு ஆளுக மறுப்பாவன்னு நெனைக்கிய. மறுக்கல. "எங்க காயத்த நாங்க பாத்துக்கிடுதோம், உங்க பிச்ச எங்களுக்கு வேண்டாம்"னு அவியளும் மார்தட்டிக்கிட்டு சரின்னுட்டாவ. ரெண்டு தெருவும் ஒத்துமையா எடுத்த ஒரே முடிவு அதுதான், வெளங்காத மூதிய! காயம் எங்களச் சுத்தி மறுபடி முன் பெஞ்சுக்குப் போனதும் காலி பெஞ்சக் கொண்டாந்து போட்டாவ. ஹெட்மாஸ்டர் தேங்கா ஒடச்சாவ.

அது ஊதா பெஞ்செல்லாம் நடந்து கடைசியா வேதமுத்துகிட்ட வந்துச்சு. காலி பெஞ்சுக்கு முந்தின ஆளு அவன்தான். லோடு தூக்குற தங்கையா மகன், ஒத்தப் பிள்ளை, எப்பப் பாத்தாலும் கடலை தின்னுக்கிட்டு இருப்பான். மறுநாள் சாயங்காலம் மணி அடிச்சுது. காயம் நகரல. "காலி பெஞ்சப் பழகட்டும், நாளைக்குப் போயிரும்"னாவ பெரியவங்க. நகமெல்லாம் நீலம் பாய்ஞ்சும் உசுரு போகாம அவன் ராத்திரி முழுக்க கத்துனத ரெண்டு தெருவும் கேட்டுச்சு. அதுக்கு மறுநாள் மணி அடிச்ச சத்தம் அடங்கும் முன்ன வேதமுத்து ஒடம்புல இருந்த ரத்தம் மொத்தமும் ஒரே தள்ளா வெளிய வந்துச்சு. பெஞ்சுல வழிஞ்சு, தரையில வழிஞ்சு, எங்க செருப்பெல்லாம் மெதந்துச்சு. அவன் எந்திக்கப் பாத்து, காலி பெஞ்சு மேல குறுக்க விழுந்தான், தலை வந்து என் மடியில விழுந்துச்சு. என்னப் பாத்து என்னமோ கேக்க வந்தான். கேக்கல. அவன் கண்ணு நின்னப்போ காயம் என் தோளுக்கு வந்துட்டு.

அன்னைக்கு ஊரு எரிஞ்சுது. எங்க வாழைத் தோட்டத்த அடியோட வெட்டிச் சாய்ச்சாவ, எங்க ஆளுக அவிய வைக்கோல் படப்புக்குத் தீ வச்சாவ, ரெண்டு பேருக்குக் கண்ணு போச்சு, ஒருத்தருக்குக் காது போச்சு, போலீஸ் கூடாரம் போட்டு மாசக்கணக்கா கெடந்தாவ. தங்கையா மாமா தாடி வளத்துக்கிட்டு, அருவாளப் பேப்பர்ல சுத்தி இடுப்புல சொருகிக்கிட்டு, "பரமார்த்தலிங்கம் தலை என் கையிலதான்"னு சொல்லிக்கிட்டே திரிஞ்சாரு. ஆனாலும் லாங் பெல் நேரத்துக்கு மட்டும் கல்லெறி நின்னுரும். தெரு நடுவுல பிள்ளைக வரிசையா போவோம், ரெண்டு பக்கமும் கல்லக் கையில வச்சுக்கிட்டே வழி விடுவாவ, மணி அடிச்சு நாங்க வீட்டுக்குப் போனப்புறம் மறுபடி எறிய ஆரம்பிப்பாவ.

நாங்க என்ன செஞ்சோம்னா, அந்தக் காலி பெஞ்சக் கிரவுண்டுக்கு இழுத்துட்டுப் போயி, மிதிச்சு, ஒடச்சு, அதுலயே தீ வச்சோம். பெறவு மாறி மாறி உக்காந்தோம், அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணு, பயலுக்குப் பக்கத்துல பொட்டப்பிள்ளை. தமிழ் ஐயாவுக்கு அதுதான் பெரிய வருத்தம், ரத்தம் அவருக்குப் பரவால்ல. கயித்துல ரத்தம் காஞ்சு ஈ மொய்க்குதுன்னு கயிறயும் அறுத்துப் போட்டோம், பெரிய புரட்சின்னு நெனச்சிராதிய. எனக்கு ஒரு பக்கம் சித்திரைவேல் உக்காந்தான். என் முறை வாரன்னைக்கெல்லாம் எங்கப்பா விடியும் முன்ன தோட்டத்துக்குப் போயிருவாவ, காயம் என்னய விட்ட பெறவுதான் வீட்டுக்கு வருவாவ. ஒரு தடவகூட அதப் பாத்தது கெடையாது.

அப்படியே சுத்திச் சுத்தி வந்துதான் கடைசி நாளு. மைக்குல யாரும் பேசாததால ஹெட்மாஸ்டரே பேசுனாவ, "நாளையிலருந்து கேட்டப் பூட்டிருவோம், உங்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல, நல்லா இருங்க"ன்னாவ. பாதிப் பேரு மறுநாளே திருப்பூருக்கு வேன் ஏறணும். வகுப்புல போயி கடைசி மணிக்கு உக்காந்தோம். அப்பத்தான் எங்கப்பா வந்தாவ. பின்னால ரெண்டு ஆளு, கல்யாண மண்டபத்து பெஞ்சு ஒண்ணத் தூக்கிட்டு வாராவ. அதக் கொண்டாந்து சித்திரைவேலுக்கும் எனக்கும் நடுவுல சொருகுனாவ.

"ஏட்டி மாடத்தி, எந்திச்சு இந்தப் பக்கம் வா"ன்னாவ.

"அப்பா, இவன் செத்துருவான்."

"சாவட்டும். அவனுது அவன்கிட்டயே கெடக்கட்டும்."

சித்திரைவேல் உதடெல்லாம் காஞ்சுபோயி என்னப் பாத்தான். "ஏட்டி, போ. உங்கப்பா கூப்பிடுதாரு. எங்கிட்ட ஆரம்பிச்சுது, எங்கிட்டயே முடியட்டும்"னான்.

எனக்கு வந்துச்சே கோவம்! "வாய மூடுல, பெரிய தியாகி"ன்னுட்டு அந்தப் பெஞ்சத் தாண்டிக் குதிச்சு அவனோட ஒட்டி உக்காந்தேன். எங்கப்பா என் சடையப் பிடிச்சு இழுத்தாவ, முடி கொத்தோட வந்துச்சு, நான் பெஞ்சக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன், கன்னத்துல ஒண்ணு விட்டாவ, நான் அவிய கையக் கடிச்சேன், ரத்தம் வர்ற மட்டும் விடல. அந்த நேரம் பாத்து சங்கரபாண்டி அண்ணாச்சி மணிய அடிச்சுட்டாவ. எங்கப்பா பிடிச்சிருந்த என் தோளு அவிய கையிக்குள்ளயே பிளந்துச்சு. விரலெல்லாம் சதைக்குள்ள போயிட்டு. அவிய முதல் தடவையா அதப் பாத்தாவ.

"எம்மா... மாடத்தி..."ன்னு ரெண்டு தடவ சொன்னாவ. பெறவு அப்படியே எனக்குப் பக்கத்துல உக்காந்துட்டாவ. "நாளைக்கு எனக்கு வரட்டும்"னாவ. பெரியவங்க யாரும் அதுவரைக்கும் எங்க பெஞ்சுல உக்காந்தது கெடையாது, வருமா வராதான்னே எவருக்கும் தெரியாது.

மறுநாள் பள்ளிக்கூடம் பூட்டிக் கெடந்துச்சு. சித்திரைவேலும் மிச்சம் இருந்த பயலுகளும் சுவரேறிக் குதிச்சு பெஞ்சத் தூக்கிட்டு வந்து, ரெண்டு தெருவும் சேருற முக்குல போட்டாவ. அண்ணாச்சி தண்டவாளத் துண்டக் கழத்தி சைக்கிள்ல கட்டிக் கொண்டாந்து வேப்பமரத்துல தொங்கவிட்டு அடிச்சாவ. வந்துச்சு. எங்கப்பாவுக்கு வந்துச்சு. அவிய போட்ட கூப்பாட்டுல காக்காயெல்லாம் பறந்துட்டு, பதினாறு வயசுப் பிள்ளைக பல்லக் கடிச்சுத் தாங்குனத அந்தப் பெரிய ஒடம்பு தாங்காம ரோட்டுல உருண்டு பொரண்டு மண்ணத் தின்னுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், நல்ல சந்தோசம். வீட்டுக்குக் கொண்டுபோயிப் படுக்கவச்சு, ராத்திரி அவிய "தண்ணி"ன்னு கேட்டப்போதான் அழுகை வந்துச்சு. எங்கப்பா இல்லியா.

விடிஞ்சா எனக்கு வேற நெனப்பே இல்ல. சாயங்காலம் அவியளுக்குப் பக்கத்துல யாராவது உக்காரணும். யாரு? எங்கப்பாவோட மண்டபத்து பெஞ்சு தூக்கிட்டு வந்த ரெண்டு பேரு வீட்டுக்கும் ஓடுனேன், ஒருத்தருக்குச் சக்கரை நோயாம், இன்னொருத்தரு கோவில்பட்டிக்குப் போயிட்டாராம், அவரு வேட்டி கொடியில ஈரமாத் தொங்குது. சித்தப்பா வீட்டுல உள்ள இருந்துகிட்டே கதவத் தொறக்கல. அன்னைக்குத் தலையாட்டுன அத்தனை பேரு வாசலையும் தட்டுனேன், "அய்யா வாங்க, ஒரு நாளுதான், பிள்ளைகளே தாங்குனோம்"னு கெஞ்சுனேன், நாயி குலைச்சுது, மனுசன் வரல.

சாயங்காலம் பெஞ்சுல எங்கப்பா சுவர்ல சாய்ச்ச மூட்டை மாதிரி இருந்தாவ, நகம் நீலம் பாய ஆரம்பிச்சுட்டு. பக்கத்துல இடம் காலியாக் கெடந்துச்சு. நான் போயி உக்காரப் போனேன். சித்திரைவேல் என் ரெண்டு கையையும் பின்னால பிடிச்சுக்கிட்டான்.

"விடுல, எங்கப்பா சாவப்போறாரு!"

"உனக்கு அடுத்து நான் உக்காருவேன், எனக்கு அடுத்து வேற பிள்ளை உக்காரும். பெரியவங்க ஒளிஞ்சுகிட்டே இருப்பாவ. போதும்ட்டி. நம்ம முறை முடிஞ்சிட்டு."

அவன் சொன்னது ஞாயம். அந்த ஞாயத்தக் கொண்டு குப்பையில போடு, எங்கப்பா முழிக்கிற முழிய என்னால பாக்க முடியல. அண்ணாச்சி சுத்தியலத் தூக்கிட்டு நின்னாவ. ஊரே சன்னல் வழியா பாக்குது.

அப்பத்தான் தெற்குத் தெருவுல இருந்து தங்கையா மாமா வந்தாரு. தாடி, இடுப்புல பேப்பர் சுத்துன அருவாள். கூட்டம் ஒதுங்குச்சு. அவரு கை நீட்ட வேண்டியதே இல்ல, சும்மா நின்னாப் போதும், வேதமுத்து மாதிரி இன்னொரு நாளு இழுக்க எங்கப்பாவுக்குத் தெம்பு கெடையாது, மணி அடிச்சா கதை முடிஞ்சுரும், அவரு கேட்ட தலை அவரு காலடியில கெடக்கும். வந்தாரு, எங்கப்பா முன்னால நின்னாரு. வேதமுத்து செத்ததுக்கு அப்புறம் முதல் தடவையா எங்கப்பா அவரு முகத்தப் பாத்தாவ. "தங்கையா, என்னய வெட்டிரு"ன்னாவ.

மாமா ஓங்கி ஒரு அறை விட்டாரு. எங்கப்பா பல்லு ஒண்ணு தெறிச்சு ரோட்டுல விழுந்துச்சு. மறுகையால இன்னொண்ணு விட்டாரு. மூக்குல ரத்தம். நான் கத்துதேன், ஒருத்தரும் நகரல.

"சாவு உமக்கு லேசுவே"ன்னாரு மாமா, மூச்சு வாங்குது அவருக்கு. "செத்துட்டு நிம்மதியா போயிருவீரு. நான் யாருகிட்ட கேக்க எம்மவன? நீரு இருக்கணும். இது ஊரெல்லாம் சுத்தி மறுபடி உம்மகிட்ட வரணும், வாரப்பல்லாம் நீரு இப்படிக் கத்தணும், அத நான் பக்கத்துல இருந்து கேக்கணும்."

இடுப்புல இருந்த அருவாள எடுத்து பெஞ்சுக்கு அடியில போட்டாரு. போட்டுட்டு எங்கப்பாவ முழங்கையால ஒரு இடி இடிச்சாரு.

"தள்ளி உக்காரும்வே"ன்னாரு.

எங்கப்பா தள்ளி உக்காந்தாவ. அண்ணாச்சி மணிய அடிச்சாவ.